திறன்பேசி இயங்குதளப் போட்டி

திறன்பேசி இயங்குதளப் போட்டி என்பது, திறன்பேசிகளையும் டேப்லெட் எனப்படும் பலகைக் கணினிகளையும் இயக்கும் அடிப்படை மென்பொருள்களுக்கு இடையே நடந்துவரும் தொழில்நுட்ப, வணிகப் போட்டியைக் குறிக்கும். 2007 முதல் பல தளங்கள் இப்போட்டியில் இறங்கின. இன்று எஞ்சியிருக்கும் பெரிய தளங்கள் இரண்டே: ஆப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ், கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு. உலகில் பயன்பாட்டிலுள்ள திறன்பேசிகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு ஆண்ட்ராய்டில் இயங்குகின்றன. மீதமுள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை ஐபோன்கள்.

இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதம் பெரும்பாலும் வசதிகளைப் பட்டியலிடுவதாகவே நடக்கிறது. ஆனால் ஒரு தளம் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வசதிகளில் பல, சில ஆண்டுகளிலேயே மற்றத் தளத்திலும் வந்துவிட்டன. நிலைத்து நின்ற வேறுபாடு ஒன்று உண்டு. ஒரு கருவியில் எந்தச் செயலி இயங்கலாம், அக்கருவி எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பாக இயங்கலாம் என்பவற்றை முடிவு செய்பவர் யார் என்பதே அது. இரு தளங்களின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன.

இயங்குதளம் என்றால் என்ன?

திறன்பேசியின் திரை, ஒளிப்படக் கருவி, நினைவகம், மின்கலம் முதலிய வன்பொருள்களுக்கும், பயனர் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையில் நின்று வேலை வாங்கும் மென்பொருளே இயங்குதளம் ஆகும். ஒரு செயலி படம் எடுக்க விரும்பினால் இயங்குதளத்தைத்தான் கேட்க வேண்டும். அனுமதி தருவதும் மறுப்பதும் இயங்குதளத்தின் கையில் உள்ளது. ஒரு தளத்துக்காக எழுதப்பட்ட செயலி மற்றத் தளத்தில் அப்படியே இயங்காது. எனவே கருவியைத் தேர்ந்தெடுப்பவர், அதனுடன் ஒரு செயலிக் கடையையும், ஒரு நிறுவனத்தின் விதிகளையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

தொடக்கம்

2007க்கு முன்பு நோக்கியாவின் சிம்பியான், கனடாவின் பிளாக்பெரி, மைக்ரோசாப்டின் விண்டோஸ் மொபைல், பாம் ஆகியவை இத்துறையில் முன்னணியில் இருந்தன. இவற்றில் பல விசைப்பலகையையோ எழுத்தாணியையோ நம்பியிருந்தன.

2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தினார். விரலால் இயக்கும் பெரிய தொடுதிரை அதன் சிறப்பு. அந்த முதல் ஐபோனில் வெளியார் எழுதிய செயலிகளை நிறுவும் வழி இல்லை. உரையை நகலெடுத்து ஒட்டும் வசதிகூட இல்லை. 2008 ஜூலை 10 அன்று சுமார் 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்ட பிறகே ஐபோன் இன்றைய பொருளில் ஓர் இயங்குதளமாயிற்று.

ஆண்ட்ராய்டு நிறுவனத்தை ஆண்டி ரூபின், ரிச் மைனர், நிக் சியர்ஸ், கிரிஸ் ஒயிட் ஆகியோர் 2003இல் கலிபோர்னியாவில் தொடங்கினர். எண்ணிமப் படக்கருவிகளுக்கான மென்பொருளை உருவாக்குவதே முதலில் அவர்களது எண்ணம். 2005இல் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியது. 2007 நவம்பர் 5 அன்று 34 நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்றின் வழியாக ஆண்ட்ராய்டு அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்ட்ராய்டு பேசியான எச்டிசி ட்ரீம் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இரு அணுகுமுறைகள்

ஆப்பிள் நிறுவனம் கருவி, இயங்குதளம், செயலிக் கடை மூன்றையும் தன் கையிலேயே வைத்திருக்கிறது. ஐஓஎஸ் வேறு எந்த நிறுவனத்தின் பேசிக்கும் கிடைக்காது. கருவியை விற்பதே அதன் முதன்மையான வருவாய். மென்பொருளும் வன்பொருளும் ஒரே இடத்தில் உருவாவதால் இரண்டும் நன்கு பொருந்துகின்றன. அதேவேளை, ஆப்பிள் வேண்டாம் என்று முடிவு செய்ததைப் பயனர் வேண்டும் என்றாலும் பெறுவது அரிது.

ஆண்ட்ராய்டு லினக்சுக் கருவின் மேல் கட்டப்பட்டது. அதன் மூல நிரலின் பெரும்பகுதி அப்பாச்சி உரிமத்தின்கீழ் வெளியிடப்படுகிறது. யார் வேண்டுமானாலும் அதை எடுத்து மாற்றித் தம் கருவியில் பயன்படுத்தலாம், கட்டணம் இல்லை. கூகுளின் வருவாய் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்து வருவதால், கூடுதலானோர் இணையத்துக்கு வருவதே அதற்கு ஆதாயம். மிகக் குறைந்த விலையுள்ள பேசி முதல் மடிக்கும் திரையுள்ள விலையுயர்ந்த பேசி வரை ஆண்ட்ராய்டு பரவியதற்கு இதுவே காரணம்.

ஆண்ட்ராய்டு திறந்த மூலமென்பது முழு உண்மை அன்று. பிளே ஸ்டோர், கூகுள் மேப்ஸ், ஜிமெயில் போன்றவை திறந்த மூலத்தில் சேர்ந்தவை அல்ல. அவற்றைப் பெற கூகுளுடன் தனி ஒப்பந்தம் வேண்டும். சமையல் குறிப்பு எல்லோருக்கும் இலவசம், முக்கியமான மசாலாப் பொடி மட்டும் ஒரே கடையில் கிடைக்கும் என்பது போன்ற நிலை இது. 2019இல் அமெரிக்க அரசின் வணிகத் தடைக்குப் பிறகு ஹுவாவேயின் புதிய பேசிகள் கூகுள் சேவைகள் இல்லாமல் வெளிவர நேர்ந்தது. ஆண்ட்ராய்டின் மூல நிரல் அந்நிறுவனத்துக்குத் தொடர்ந்து கிடைத்தது. ஆயினும் பிளே ஸ்டோர் இல்லாத பேசியைச் சீனாவுக்கு வெளியே விற்பது மிகக் கடினமாயிற்று.

செயலிகளும் தோற்ற தளங்களும்

தோற்றுப்போன தளங்கள் அனைத்தும் தரக்குறைவால் தோற்கவில்லை. மைக்ரோசாப்ட் 2010இல் வெளியிட்ட விண்டோஸ் போனின் முகப்பு வடிவமைப்பு பலரால் பாராட்டப்பட்டது. 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் சிம்பியானைக் கைவிட்டு விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தது. 2014இல் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவையே மைக்ரோசாப்ட் வாங்கியது. இவ்வளவுக்குப் பிறகும் புகழ்பெற்ற செயலிகள் பல அத்தளத்துக்கு வரவில்லை. வந்தவையும் பிந்தியே வந்தன. பயனர் குறைவு என்பதால் நிரலாளர்கள் செயலி எழுதவில்லை. செயலி இல்லை என்பதால் பயனர்கள் வரவில்லை. பயணிகள் இல்லையென்று பேருந்து விடாமல், பேருந்து இல்லையென்று பயணிகள் வராமல் போகும் சிற்றூரின் நிலையே அத்தளத்துக்கும் ஏற்பட்டது.

ஹெச்பி நிறுவனம் 2010இல் பாம் நிறுவனத்தை 120 கோடி டாலருக்கு வாங்கி, அதன் வெப்ஓஎஸ் தளத்தில் டச்பேட் என்னும் பலகைக் கணினியை 2011 ஜூலையில் வெளியிட்டது. ஆகஸ்ட் 18 அன்று, ஏழு வாரங்களிலேயே, அது கைவிடப்பட்டது. பல செயலிகளை அருகருகே அட்டைகளாகக் காட்டி மாற்றிக்கொள்ளும் வெப்ஓஎஸ்ஸின் முறை பின்னாளில் இரு பெரிய தளங்களிலும் இடம்பெற்றது. பிளாக்பெரியின் பழைய தளங்களுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டன.

ஒரு தளம் நின்றுபோனால் இழப்பு நிறுவனத்துக்கு மட்டும் அன்று. காசு கொடுத்து வாங்கிய செயலிகள், சேமித்த குறிப்புகள், பழகிய முறை ஆகிய அனைத்தையும் பயனர் இழக்கிறார். எனவே ஒரு தளத்தின் நிறையை மதிப்பிடும்போது அதன் ஆயுளும் கணக்கில் சேர வேண்டும்.

பலகைக் கணினிகளில் போட்டி

ஐபேட் 2010 ஏப்ரல் 3 அன்று விற்பனைக்கு வந்தது. ஐபோனுக்கான செயலிகள் அதில் பெரிதாக்கப்பட்டு இயங்கினாலும், ஐபேடின் திரைக்கென்றே தனியாகச் செயலிகளை எழுத ஆப்பிள் தொடக்கத்திலிருந்தே ஊக்குவித்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் சாம்சங் கேலக்ஸி டேப் வந்தபோது ஆண்ட்ராய்டு இன்னும் பேசிகளுக்கான தளமாகவே இருந்தது. பலகைக் கணினிகளுக்கென உருவான ஆண்ட்ராய்டு 3.0 2011 பிப்ரவரியில்தான் வந்தது. அதன் மூல நிரலைக் கூகுள் உடனே பொதுவில் வெளியிடவில்லை.

பேசிச் சந்தையில் முந்திய ஆண்ட்ராய்டு, பலகைக் கணினியில் பின்தங்கியதற்குச் செயலிகளே காரணம். பல ஆண்ட்ராய்டு செயலிகள் சிறிய திரைக்கான அமைப்பை அப்படியே அகலமாக்கிக் காட்டின. மறுபுறம், 2011இல் வந்த அமேசானின் கிண்டில் ஃபயர், 2012இல் வந்த நெக்சஸ் 7 ஆகியவை 199 டாலர் விலையில் விற்கப்பட்டு, படிக்கவும் படம் பார்க்கவும் மட்டும் வேண்டியவர்களுக்குக் கைக்கெட்டும் கருவிகளாயின. வரைதல், இசையமைத்தல், காணொளித் தொகுப்பு போன்ற வேலைகளுக்கு ஐபேடும், குறைந்த செலவில் வாசிப்பு, வகுப்பு ஆகியவற்றுக்கு ஆண்ட்ராய்டு கருவிகளும் என்ற பிரிவு அன்று உருவாகி இன்றும் ஓரளவு தொடர்கிறது.

கைமாறிய வசதிகள்

ஒரு காலத்தில் கடும் விவாதத்துக்கு உள்ளான சில வசதிகளின் பின்வரலாறு வருமாறு:

அறிவிப்புகளைத் திரையின் மேலிருந்து இழுத்துப் பார்க்கும் முறை ஆண்ட்ராய்டில் தொடக்கத்திலேயே இருந்தது. ஐஓஎஸ்ஸில் அது 2011இல் சேர்ந்தது. வெளியார் உருவாக்கிய விசைப்பலகைகளை ஆண்ட்ராய்டு 2009இலும் ஐஓஎஸ் 2014இலும் அனுமதித்தன. முகப்புத் திரையில் விட்ஜெட் எனப்படும் சிறு பலகங்களை வைக்கும் வசதி ஐபோனுக்கு 2020இல் கிடைத்தது.

எதிர்த்திசையிலும் இது நடந்தது. ஒரு செயலி பயனரின் இருப்பிடத்தை அறிய முயலும்போது ஐபோன் அந்த நேரத்திலேயே அனுமதி கேட்டது. ஆண்ட்ராய்டிலோ, நிறுவும்போதே எல்லா அனுமதிகளையும் மொத்தமாகத் தர வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக அனுமதிக்கும் அல்லது மறுக்கும் முறை 2015இல் ஆண்ட்ராய்டு 6.0இல் வந்தது.

பிளாஷ் விவாதம் இன்னொரு பாடம். இணையக் காணொளிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் அன்று தேவைப்பட்ட அடோபி பிளாஷை ஐபோன் ஏற்கவில்லை. பாதுகாப்புக் குறைபாடு, மின்கலச் செலவு முதலிய காரணங்களை அடுக்கி 2010 ஏப்ரலில் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். பிளாஷ் உண்டு என்பதே ஆண்ட்ராய்டு விளம்பரங்களின் சிறப்பாக இருந்தது. 2011 நவம்பரில் கைப்பேசிகளுக்கான பிளாஷ் மேம்பாட்டை அடோபியே நிறுத்திக்கொண்டது. அந்த ஒரு வசதிக்காகக் கருவி வாங்கியவர்களுக்கு அதன் பயன் நெடுநாள் நீடிக்கவில்லை.

நிலைத்த வாதங்கள்

பாதுகாப்பு: ஐஓஎஸ்ஸில் செயலிகள் ஆப்பிளின் ஆய்வுக்குப் பிறகே கடைக்கு வருகின்றன. ஆண்ட்ராய்டில் கடைக்கு வெளியிலிருந்தும் செயலிக் கோப்புகளை நிறுவலாம். இச்சுதந்திரமே ஏமாற்றுக்காரர்களின் வழியாகவும் அமைகிறது. வங்கிச் செய்தி, அரசு அறிவிப்பு, திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் அனுப்பப்படும் போலிச் செயலிக் கோப்புகள் இந்தியாவில் பலரின் பணத்தைப் பறித்துள்ளன. எனினும் ஐபோன் ஊடுருவ முடியாதது அன்று. பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள் ஐபோன்களிலும் நுழைந்தது 2016இல் வெளிப்பட்டு, ஆப்பிள் அவசரத் திருத்தம் வெளியிட்டது.

இற்றைப்படுத்தல்: அப்டேட் எனப்படும் இற்றைப்படுத்தல் புதிய வசதிகளுக்காக மட்டும் அன்று, பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்கே முதன்மையாகத் தேவை. ஆப்பிள் அதை எல்லா ஐபோன்களுக்கும் ஒரே நாளில் அனுப்புகிறது. 2013இல் வெளிவந்த ஐபோன் 5எஸ், 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைப் பெற்றது. ஆண்ட்ராய்டிலோ கூகுள், சில்லு தயாரிப்பாளர், பேசி தயாரிப்பாளர் என்று பல கைகளைக் கடந்து திருத்தம் வர வேண்டும். 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்னும் பெரும் ஓட்டை வெளிப்பட்ட பிறகே கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது. 2023இல் பிக்சல் 8 பேசிக்குக் கூகுளும், 2024இல் கேலக்ஸி எஸ்24 பேசிக்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டு இற்றைப்படுத்தலை உறுதியளித்தன. விலை குறைந்த ஆண்ட்ராய்டு பேசிகள் பலவற்றில் இக்காலம் இன்னும் மிகக் குறைவே.

ஒரே கையில் அதிகாரம் இருப்பதன் மறுபக்கமும் உண்டு. மின்கலம் தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென அணைந்துபோவதைத் தடுப்பதே நோக்கம் என்று விளக்கியது. ஆயினும் பயனருக்குத் தெளிவாகச் சொல்லாமல் செய்ததற்கு வருத்தம் தெரிவித்து, மின்கலம் மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது.

தனியுரிமை: 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5, பிற செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர விரும்பும் செயலி முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்றது. இதனால் 2022இல் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருவாய் இழப்பு ஏற்படும் என்று பேஸ்புக்கின் தாய் நிறுவனம் மதிப்பிட்டது. விளம்பரத்தால் வாழும் கூகுளைவிட, கருவி விற்று வாழும் ஆப்பிளுக்கு இது எளிது. ஆனால் ஐபோனின் சஃபாரி உலாவியில் கூகுள் தேடலை முதன்மையாக வைத்திருக்க, 2022இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. எதிரெதிரே நிற்கும் இரு நிறுவனங்களும் கூட்டாளிகளாகவும் இருப்பதை இது காட்டுகிறது.

தமிழும் இயங்குதளங்களும்

யார் முடிவு செய்கிறார் என்ற கேள்வி தமிழ்ப் பயனர்களை நேரடியாகத் தொட்ட ஒன்று. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன. எழுத்துருவை அமைப்பினுள் சேர்க்க, பேசியின் பூட்டை உடைக்கும் ரூட் முறையை நாட வேண்டியிருந்தது. சேர்த்தாலும் கொம்பும் காலும் இடம்மாறித் தெரிந்தன. ஓபேரா மினி உலாவியில் எழுத்துகளைப் படமாக மாற்றிக் காட்டும் ஓர் அமைப்பு இருந்தது. தமிழ்த் தளங்களைப் படிக்க அன்று பலரும் அதையே பயன்படுத்தினர். சில தயாரிப்பாளர்கள் தம் பேசிகளில் தாமே தமிழைச் சேர்த்தனர். 4 வரிசைப் பதிப்புகள் வந்த பின் இக்குறை படிப்படியாக நீங்கியது.

தட்டச்சில் நிலைமை வேறு. ஆண்ட்ராய்டு வெளியார் விசைப்பலகைகளை அனுமதித்ததால், எழுத்துகள் தெரியத் தொடங்கியதும் தன்னார்வலர்களும் நிறுவனங்களும் தமிழ் விசைப்பலகைகளைக் கொண்டுவர முடிந்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் அவற்றுள் ஒன்று. ஐபோனிலோ, ஒரு செயலிக்குள் தமிழில் எழுதி அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகளை உள்ளிணைத்தபோது, கூடுதலாக எதையும் நிறுவாமலே எல்லாச் செயலிகளிலும் தமிழ் எழுத முடிந்தது. திறந்த தளத்தில் பயனர்களே குறையை நிரப்பிக்கொண்டனர்; மூடிய தளத்தில் நிறுவனம் முடிவெடுக்கும் வரை காத்திருந்தனர், முடிவெடுத்த பின் அது ஒரே சீராகக் கிடைத்தது. இரு அணுகுமுறைகளின் இயல்பையும் இந்த ஓர் எடுத்துக்காட்டில் காணலாம்.

சட்டமும் நெருங்கிவரும் தளங்களும்

ஆண்ட்ராய்டு தயாரிப்பாளர்கள் மீது விதித்த நிபந்தனைகளுக்காக ஐரோப்பிய ஆணையம் 2018இல் கூகுளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. செயலிக் கடைகள் வசூலிக்கும் 30 விழுக்காடு வரையிலான பங்கை எதிர்த்து எபிக் கேம்ஸ் நிறுவனம் 2020இல் இரு நிறுவனங்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைச் சட்டத்தின்படி, 2024 மார்ச் முதல் அங்குள்ள ஐபோன்களில் ஆப்பிளின் கடை அல்லாத வேறு கடைகளுக்கும் இடம் தரப்பட்டது.

அதேவேளை, அடையாளம் சரிபார்க்கப்பட்ட நிரலாளர்களின் செயலிகளை மட்டும் சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவ விடும் திட்டத்தைக் கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்த பின், விவரம் அறிந்த பயனர்களுக்குத் தனி வழி விடுவதாகக் கூறியது. மூடிய தளம் சட்டத்தால் சற்றே திறக்க, திறந்த தளம் பாதுகாப்பைக் காட்டிச் சற்றே மூடிக்கொள்கிறது.

மதிப்பிடும் முறை

இரு தளங்களில் எது சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை இல்லை. ஒருவரது தேவைக்கு எது ஏற்றது என்பதற்கு விடை காண முடியும். அதற்குப் பின்வரும் கேள்விகள் உதவும்.

1. இந்தக் குறிப்பிட்ட கருவிக்குப் பாதுகாப்புத் திருத்தம் எந்த ஆண்டு வரை உறுதியளிக்கப்பட்டுள்ளது? விலையை அந்த ஆண்டுகளால் வகுத்தால் ஓர் ஆண்டுக்கான உண்மைச் செலவு தெரியும். மலிவான பேசியின் விலை சில வேளைகளில் இக்கணக்கில் உயர்ந்து நிற்கும்.
2. படிப்புக்கோ தொழிலுக்கோ கட்டாயம் வேண்டிய செயலிகள் எவை? அவை அத்தளத்தில், அந்தத் திரை அளவில் சரியாக இயங்குகின்றனவா?
3. பயன்படுத்தப்போகிறவர் யார்? கடைக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ முடியாத கட்டுப்பாடு நிரல் கற்கும் மாணவருக்குத் தடை; ஏமாற்றுச் செய்திகளைப் பிரித்தறிய முடியாத முதியவருக்குக் காப்பு.
4. பழுது நீக்கும் இடமும் உதிரிப் பாகங்களும் அருகில் உண்டா?
5. நாளை மற்றத் தளத்துக்கு மாற விரும்பினால் படங்கள், தொடர்பு எண்கள், உரையாடல்கள், குறிப்புகள் ஆகியவற்றை எடுத்துச் செல்ல முடியுமா?

இவற்றுள் ஐந்தாவது கேள்வியே பெரும்பாலும் கேட்கப்படாமல் விடப்படுகிறது. ஒரு தளத்தில் ஆண்டுக்கணக்கில் சேர்த்தவற்றை வெளியே எடுக்க முடியாவிட்டால், அடுத்த முறை கருவி வாங்கும்போது தேர்வு என்பதே இருக்காது. ஆகவே எந்தத் தளத்தைப் பயன்படுத்துவோரும், முக்கியமான படங்களுக்கும் குறிப்புகளுக்கும் அத்தளத்துக்கு வெளியே ஒரு படி வைத்திருப்பது நல்லது.